ஒன்றாக நிற்போம் என்று சொன்னவர்கள்

ஒற்றுமை, கூட்டு முயற்சி, தோளோடு தோள், கைகோப்போம், நாம் எல்லோரும் ஒரே குடும்பம். இந்த வார்த்தைகளை யாராவது என் எதிரில் சொன்னால் எழுந்து போய்விடத் தோன்றுகிறது. மேடையில் சொன்னாலும் சரி, கல்யாண வீட்டில் சொன்னாலும் சரி. இவற்றை எனக்குக் கற்றுக்கொடுத்தது பள்ளிக்கூடம் இல்லை. கார்களுக்கு வயர் கட்டும் ஒரு கம்பெனி.

அந்தக் கம்பெனி வேனுக்காக ஏனாத்தூர் போகும் ரோட்டு முனையில் விடியற்காலையில் நிற்போம். சின்ன காஞ்சிபுரத்துப் பெண்கள், திருப்பருத்திக்குன்றம் பக்கத்துப் பெண்கள், நடவு வேலைக்குப் போய்க்கொண்டிருந்து கம்பெனிக்கு மாறியவர்கள், வீட்டில் தறி இருந்தும் அதை நம்பிப் பிழைக்க முடியாதவர்கள். நான் கடைசி ரகம். எல்லோரும் ஏஜென்ட் மூலம் சேர்ந்தவர்கள். நாங்கள் கம்பெனி ஆட்கள் என்று எழுத்தில் எங்கேயும் கிடையாது.

லைன் ஓடுவதற்கு முன்னால் எங்களை வட்டமாக நிற்க வைப்பார்கள். பக்கத்தில் இருப்பவள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். என் மகன் வயது சூப்பர்வைசர் ஒருவன், நாம் யார் என்று கேட்பான். ஒரே டீம் என்று கத்த வேண்டும். நம் குறிக்கோள் என்ன என்று கேட்பான். ஒன்றே என்று கத்த வேண்டும். கத்தி முடித்துக் கையை விட்டால், டீ இடைவேளை வரைக்கும் அதே பக்கத்தில் இருப்பவளிடம் ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசினால் வேறு லைனுக்குத் தூக்கிப் போடுவார்கள். டீம் என்றால் பிடிக்கச் சொன்னபோது பிடிப்பது, விடச் சொன்னபோது விடுவது. அவ்வளவுதான்.

எங்கள் லைனில் திருப்பருத்திக்குன்றம் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். முதல் பிள்ளை வயிற்றில். வேலை முழுக்க நின்றபடி செய்வது. கால் வீங்கி செருப்புக்குள் நுழையவில்லை. அவளுக்கு ஒரு நாற்காலி கேட்டேன். லைனில் நாற்காலி போடக் கூடாது, பார்வையிட வருகிறவர்கள் கேள்வி கேட்பார்கள் என்றான் சூப்பர்வைசர். ஸ்டோரில் ஒரு கால் ஆடுகிற ஸ்டூல் கிடந்தது. அதை எடுத்துவந்து அவளை உட்கார வைத்தேன். அவன் வந்து எடுத்துப் போனான். நான் திரும்பவும் கொண்டுவந்து போட்டேன். அவனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"நீ இன்னா அவளுக்கு மாமியாரா?" என்றான்.

"மாமியாரா இருந்தா நிக்க வெச்சிருப்பேன்பா," என்றேன்.

லைன் முழுக்கச் சிரித்தது. ஸ்டூலைக்கூட மன்னித்திருப்பான். அந்தச் சிரிப்பை அவனால் மன்னிக்க முடியவில்லை. மறுநாள் கேட்டில் என் அட்டையை வைத்தால் கதவு திறக்கவில்லை. கேட்டில் இருந்த செக்யூரிட்டிக்காரர், ஏஜென்ட்டைக் கேள் என்றார். ஏஜென்ட் போனை எடுக்கவில்லை.

அன்று சாயந்திரம் வேன் திரும்பி வரும் நேரத்துக்கு ரோட்டு முனையில் போய் நின்றேன். இறங்கியவர்கள் என்னைச் சுற்றி நின்றார்கள். எல்லோருக்கும் கோபம். அது உண்மையான கோபம், அதை இன்றைக்கும் நான் பொய் என்று சொல்ல மாட்டேன். எங்களில் மூத்தவளான சின்ன காஞ்சிபுரத்து அக்காதான் வழி சொன்னாள். திங்கட்கிழமை வேன் வரும்போது ஒருத்தியும் ஏறக் கூடாது. ஒருத்தி ஏறாவிட்டால் அவளுக்கு வேலை போகும். யாருமே ஏறாவிட்டால் லைன் நின்றுபோகும். லைன் நின்றால் என்னைத் திரும்பக் கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும். வாயால் சொல்வது காற்றில் போய்விடும், சூடம் அடித்துவிடலாம் என்றும் அவள்தான் சொன்னாள். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து சத்தியம் பண்ணுவது. எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் சத்தியம் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை காலை ரோட்டோரப் பிள்ளையார் கோயிலில் கூடினோம். சர்ச்சுக்குப் போகிற ஒருத்தி மட்டும், தான் சூடம் அடிப்பதில்லை, தன் பேச்சே போதும் என்றாள். அப்படியென்றால் முதலில் ஏறப்போவது இவள்தான் என்று மற்றவர்கள் கிண்டல் பண்ணினார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். பிள்ளைத்தாய்ச்சி நீ அடிக்காதே என்று அந்தப் பெண்ணைத் தடுத்தேன். அவள் கேட்கவில்லை.

"எனக்காகத்தான உங்களுக்கு வேல போச்சு. நான் அடிக்காம வேற யாரு அடிப்பா? கூடவே நிப்போம்க்கா."

ஓங்கி அடித்தாள். உள்ளங்கை கரியானது. நான் நம்பினேன். என் வீட்டுத் தறியில், உடலையும் கரையையும் இரண்டு பேர் சேர்ந்து கோக்கும் கோர்வைச் சேலை நெய்யும்போது ஒருவர் கை நின்றால் இன்னொருவர் கையும் நின்றுதான் ஆக வேண்டும். அப்படியே பழகியவள், வெளியிலும் மனிதர்கள் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன்.

அன்று சாயந்திரமே கம்பெனிக்குச் செய்தி போய்விட்டது. யார் சொன்னார்கள் என்று தெரியாது, தெரிந்துகொள்ளவும் நான் விரும்பவில்லை. அவர்கள் பெண்கள் யாருக்கும் போன் செய்யவில்லை. வேலைக்குச் சேரும்போது அவசரத்துக்கென்று வாங்கி வைத்திருந்த நம்பர்களுக்குப் போட்டார்கள். புருஷன், அப்பா, மாமியார். மிரட்டவும் இல்லை. உங்கள் வீட்டுப் பெண் தங்கமான பெண், வேலை நிரந்தரம் ஆகிற நேரத்தில் கெட்ட சகவாசத்தில் விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மரியாதையாகச் சொல்லியிருக்கிறார்கள். குடும்பம் குடும்பம் என்று அவர்கள் சும்மா சொல்லவில்லை. டீக்கடையில் ஒருவர் இதை என் வீட்டுக்காரரிடம் சொன்னது எல்லாம் முடிந்த பிறகுதான்.

திங்கட்கிழமை நான்தான் முதலில் போய் நின்றேன். வழக்கமாக எல்லோரும் பேசிக்கொண்டே நடந்து வருவார்கள். அன்று ஒரு பைக் வந்து நின்றது. பின்னாலேயே இன்னொன்று. ஒவ்வொருத்தியும் புருஷன் பின்னாலோ, தம்பி பின்னாலோ உட்கார்ந்து வந்து இறங்கினாள். ஆண்கள் வண்டியை அணைக்கவில்லை. இறக்கிவிட்டுப் போகவும் இல்லை. எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. ஆனாலும் நின்றேன், ஏதோ ஒரு நப்பாசை.

வேன் வந்தது. ஏறினார்கள். சூடம் அடிக்கலாம் என்ற அக்கா, நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று வேன் படியைப் பார்த்துச் சொன்னாள். பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணை அவள் புருஷன் முழங்கையைப் பிடித்து ஏற்றிவிட்டான். சர்ச்சுக்குப் போகிறவள் முதலில் ஏறவில்லை, கடைசியில்தான் ஏறினாள். அவள் ஒருத்திதான் என் முகத்தைப் பார்த்தாள். வீட்டில் விடவில்லை என்றாள். வேன் போய்விட்டது. ஆண்கள் வண்டிகளைத் திருப்பினார்கள். அந்தப் பெண்ணின் புருஷன் மட்டும் என் பக்கத்தில் வந்து நிறுத்தி, ஏறுங்கள், வீட்டில் விட்டுவிடுகிறேன் என்றான். நல்ல பையன். நான் நடந்தே வீட்டுக்குப் போனேன்.

யாரும் கெட்டவர்கள் இல்லை என்று என் தங்கை இப்போதும் எனக்குப் புத்தி சொல்கிறாள். கெட்டவர்களாக இருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். எல்லோரும் நல்லவர்கள். அன்றைக்கு ஒற்றுமையாகவும் இருந்தார்கள். ஒருத்தி பாக்கியில்லாமல் ஏறினார்கள்.

அந்த வாரமே அதே பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார்களாம். சூடம் அடித்துச் சொன்ன சொல் பொய்யானால் பாவம் என்று பரிகாரம். சத்தியத்துக்குப் பரிகாரம் இருக்கிறது. என் வேலைக்கு இல்லை. தேங்காய் உடைத்ததைச் சொன்னது அந்தப் பிள்ளைத்தாய்ச்சிப் பெண்தான். ஒரு தேங்காய் மூடியும் விபூதியும் எடுத்துக்கொண்டு என் வீட்டு வாசலுக்கு வந்திருந்தாள். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை. கால் முன்னைவிட வீங்கியிருந்தது. நாற்காலி கொடுத்தார்களா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள்.

"அக்கா, வயிறு எரியாதீங்கக்கா. வயித்துல புள்ள இருக்குது."

எதற்கு வந்தாள் என்று அப்போதுதான் விளங்கியது. நான் எப்படிச் சாப்பிடுகிறேன் என்று பார்க்க வரவில்லை. என் வாய்க்குப் பயந்து வந்திருக்கிறாள்.

நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், போய் வா என்றேன்.

"மனசார சொல்லுங்கக்கா."

தேங்காய் மூடியை நீட்டியபடியே நின்றாள். வழியில் போகிற யார் குழந்தையைப் பார்த்தாலும் நல்லா இரு என்று சொல்கிறவள்தான் நான். அன்று அது வரவில்லை. வர வைத்தும் பார்த்தேன். மூடியை வாங்கிக்கொண்டு, படுக்கும்போது காலுக்குத் தலையணை வைத்துக்கொள் என்று மட்டும் சொன்னேன்.

அவள் அதைக் கேட்க வரவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.