கம்ப்யூட்டருக்கு நெற்றி எது?

இன்று விஜயதசமி. ஆயுத பூஜைக்கு மூடிய கடையைக் காலையில் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டால், நாலு எண்ணுவதற்குள் அணைந்துவிடுகிறது. மறுபடி போட்டாலும் அதே கதைதான்.

கம்ப்யூட்டர் இல்லாமல் பில் கிடையாது. சிம்மக்கல்லில் எனக்குப் பக்கத்துக் கடையும் மளிகை மொத்த வியாபாரம்தான். திருவாதவூரிலிருந்து சரக்கெடுக்க வந்தவர் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இன்னும் எம்புட்டு நேரம்? முதச் சரக்கை அங்கன எடுத்துக்கிறட்டுமா?"

விஜயதசமி முதல் வியாபாரம் பக்கத்துக் கடைக்குப் போவதா? மெக்கானிக்கைப் போனில் பிடித்துக் கத்தினேன்.

வந்த மெக்கானிக் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறக்கவே இல்லை. முன்பக்கத்தை ஒரு பார்வை பார்த்தார்.

"அண்ணே, இந்தப் பொட்டு வச்சது யாரு?"

"நான்தான். ஏன்?"

"பவர் பட்டன் மேலயே அப்பியிருக்கீகளே! சந்தனம் இடுக்குல இறங்கிக் காஞ்சு போச்சு. அமுக்குன பட்டன் வெளிய வரலைன்னா அணையத்தான செய்யும்?"

"வட்டமா நடுவுல இருந்துச்சு மாப்ள. அதான் நெத்தின்னு நினைச்சேன்."

திருவாதவூர்க்காரர் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடையையே மறந்துவிட்டார். மெக்கானிக் ஈரத்துணியால் துடைத்ததும் கம்ப்யூட்டர் அணையாமல் ஓடியது. முதல் பில் என் கடையில்தான்.

அடுத்த வருடம் பொட்டை மவுஸுக்கு வைக்கலாம் என்றிருக்கிறேன். பிள்ளையார் வாகனம், யாரும் கேள்வி கேட்க முடியாது. நீங்கள் எங்கே வைத்தீர்கள்?