கிளம்பும் முன் ஒரு படம்

எங்கள் மாடி வீட்டில் கொரியாவைச் சேர்ந்த சூஜின் குடியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் அருங்காட்சியகம், சிற்பம், நெசவாளர் தெரு என்று காஞ்சிபுரத்தைச் சுற்றக் கிளம்பிவிடுவாள். பிறந்த ஊரை நானே ஒழுங்காகப் பார்த்தது அவளோடுதான்.

கிளம்பும்போதெல்லாம் என் மூன்று வயது மகள் யாழினியைப் படம் எடுப்பாள். கண் பட்டுவிடுமோ என்று பயந்து, நான் குழந்தையின் கன்னத்தில் மைப்பொட்டைப் பெரிதாக வைப்பேன்.

போன மாதம் சின்ன காஞ்சிபுரம் கோயிலில் தூண் சிற்பங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பினால், யாழினியைக் காணோம். பக்கத்திலேயே குளம். வாசலுக்கு ஓடி, குழந்தையைப் பார்த்தீர்களா என்று விசாரித்தேன்.

"இன்னா கலர் டிரஸ்மா?" என்று கேட்டார் பூக்கார அம்மா.

காலையில் நான் போட்டுவிட்டதுதான். ஆனாலும் நினைவுக்கு வரவில்லை. அழுகைதான் வந்தது. பின்னாலேயே ஓடிவந்த சூஜின், அன்று எடுத்த படத்தை செல்போனில் காட்டினாள்.

"அட, இம்மாம் பெரிய மை வெச்ச பாப்பாவா? அதோ, பிரசாதக் கடையாண்ட நின்னுக்கினு இருக்குது பாரு!"

ஓடிப்போய் வாரி எடுத்தேன்.

"ஏம்மா அழுவுற? உனக்கும் இட்லி வேணுமா?" என்றாள் யாழினி.

இப்போதெல்லாம் கிளம்பும் முன் அவளைப் படம் எடுப்பது நான்தான். மைப்பொட்டையும் விடவில்லை. சூஜினும் சிரித்துக்கொண்டே கன்னத்தைக் காட்டுகிறாள். அவளுக்கும் ஒன்று வைத்துவிடுகிறேன்.