மந்தண்ணாவின் இடதுகைத் துப்பாக்கி

குடகில் மாவுக்கேரி மாட்டு ஆஸ்பத்திரியில் இருபது வருஷமாகக் கம்பவுண்டர், நெரியண்ட குடும்பத்து உத்தய்யா. காகிதம் என்றால் அவருக்கு அப்படி ஒரு பக்தி. பசுவுக்குப் பேதி மருந்து கொடுத்தாலும் தேதி, வேளை, மாட்டின் நிறம் எல்லாவற்றையும் எழுதி வைப்பார். அப்பேர்ப்பட்ட மனுஷன் 1990 மழைக்காலத்தில் ஒரு படிவத்தின் ஒரே ஒரு கட்டத்தை நிரப்ப முடியாமல் திண்டாடினார்.

அப்பா பெள்ளியப்பா கோடையில் போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டு இரட்டைக்குழல் துப்பாக்கி உத்தய்யாவுக்கு வந்தது. பெயர் மாற்றக் கேட்டால் மடிக்கேரி ஆபீசில் படிவம் கொடுத்தார்கள். முதல் உரிமையாளர் யார்? உயிருடன் இருக்கிறாரா, இறந்துவிட்டாரா? கைல்பொள்து பண்டிகைக்குள் எழுதிக் கொடுக்காவிட்டால் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். குழலில் காந்தள் பூச் செருகித் துப்பாக்கியைப் பூஜை அறையில் வைக்காத குடகு வீடு ஒரு வீடா? மானம் போய்விடும்.

தாம் வாங்கியது என்றுதான் அப்பா கடைசிவரை சொல்லிவந்தார். அப்படியே எழுதினால் முடிந்தது. நம்பரை மட்டும் சரிபார்த்துக்கொள்ளலாம் என்று விராஜ்பேட்டைக்குத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போனார். அங்கே துப்பாக்கி பழுது பார்க்கிற முஸ்லிம் பெரியவர் அந்துக்கா அதைத் தோளில் வைத்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"கம்பவுண்டரே, உங்க அப்பாவுக்கு எந்தக் கைப் பழக்கம்?"

"வலது கைதான். ஏன்?"

"அப்ப இது அவருக்குச் செஞ்சதில்ல. தோள்ல வைக்கிற கட்டை எந்தப் பக்கம் வளைஞ்சிருக்கு பாருங்க. ஆளை அளந்து சட்டை தைக்கிற மாதிரிதான் இதுவும். இடது கைக்காரன். நல்ல உயரம், கழுத்தும் நீளம்."

உள்ளே போய் அவருடைய வாப்பாவின் பழைய நோட்டை எடுத்து வந்தார். அளவெடுத்து இங்கிலாந்துக்கு எழுதிப் போட்டவர் வாப்பாதானாம். 1936. நம்பர் ஒத்துப்போனது. எதிரே இருந்த பெயர், நெரியண்ட மந்தண்ணா.

உத்தய்யா அந்தப் பெயரை இரண்டு தரம் படித்தார். மந்தண்ணா அவருடைய பெரியப்பா. பர்மா சண்டையில் செத்தவர். முன்னோருக்குப் படைக்கும்போது வருஷா வருஷம் அவர் பெயருக்கும் ஓர் இலை போட்டு, பன்றிக்கறியும் சாராயமும் வைப்பார்கள். துப்பாக்கி அவருடையது என்று சொல்லிவிட்டுப் போவதில் அப்பாவுக்கு என்ன குறைந்துவிடும்? எதற்கு இந்தப் பொய்?

இறந்த தேதி வேண்டுமே என்று பக்கத்து வீட்டுக் குஞ்சப்பாவிடம் போனார். கிழவர் வெல்லக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, மந்தண்ணா பெரியப்பா எப்ப செத்தாரு?"

"எந்தத் தடவை?" என்றார் குஞ்சப்பா.

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று உத்தய்யா சிரித்தார். கிழவர் சிரிக்கவில்லை.

"நாப்பத்துநாலுல தந்தி வந்துது. உங்கப்பன் இதே துப்பாக்கியை எடுத்து ரெண்டு வெடி போட்டான்." குடகில் ஆண் பிள்ளை பிறந்தால் ஒரு வெடி, சாவுக்கு இரண்டு. "ஊரே வந்து அழுதோம். காரியமும் ஆச்சு. நாப்பத்தாறு மழையில அவன் நடந்து வந்தான்."

"யாரு?"

"அவன்தான். எலும்பும் தோலுமா. உங்கப்பன் வாசல்ல நின்னுக்கிட்டு, இது எங்கண்ணன் இல்ல, அவன் உருவத்துல வேற ஏதோ வந்திருக்குன்னான்."

"நீங்க பாத்தீங்களா மாமா?"

"பாத்தேன். பாக்காத மாதிரி போனேன். எல்லாரும் அப்படித்தான் போனோம். முதல் நாள் நிஜமாவே பயம். அப்புறம் பழகிப்போச்சு." கிழவர் காப்பியின் அடியைக் குலுக்கிக் குடித்தார். "ஊற்றுப் பாறையில தேன் வைக்கிறது யாருன்னு நெனச்சே?"

மேட்டு ஊற்றுக்குப் பக்கத்துப் பாறையில் மூங்கில் குழாயில் தேன் இருக்கும். அரிசியும் உப்பும் வைத்துவிட்டு எடுத்துக்கொள்ள வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது. முன்னோர் தேன் என்பார்கள். அதைக் குடித்து வளர்ந்தவர்தான் உத்தய்யாவும்.

மறுநாள் பட்டப்பகலில் ஊற்றுக்கு மேலே ஏறினார். மூங்கில் புதருக்குள் ஒரு குடிசை. வாசலில் நெட்டையான கிழவர் ஒருவர் மூங்கில் பிளந்துகொண்டிருந்தார். கத்தி இடது கையில் இருந்தது.

"பெரியப்பா."

கத்தி நின்றது. கிழவர் முதலில் தமக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பதுபோல. பிறகு தோள்துண்டால் ஒரு கட்டையைத் துடைத்துப் போட்டார். உத்தய்யா உட்கார்ந்தார்.

"பெள்ளியப்பா மகனா?" தொண்டை பேசிப் பழக்கமில்லாமல் கரகரத்தது. "போன கோடையில ரெண்டு வெடி கேட்டுச்சு. அவன்தான்னு நெனச்சேன்."

"அன்னைக்கு என்ன நடந்துச்சு பெரியப்பா? அப்பாவுக்கு நிஜமாவே உங்களை அடையாளம் தெரியலையா?"

"தெரியாம என்ன. அவன் கண்ணு கலங்குனதைப் பாத்தேனே. ஆனா நிலம் அவன் பேருக்கு வந்தாச்சு. என் துப்பாக்கிய என் நெஞ்சுக்கே நீட்டிக்கிட்டு மெதுவாச் சொன்னான். ரெண்டு வெடிக்கு ஊர் வந்துருச்சு. மூணாவது வெடிச்சா என்னன்னு கேக்க ஒருத்தனும் வரமாட்டான்னான்."

அப்பாவின் பொறுமையான குரல் உத்தய்யாவின் காதில் கேட்டது. மாட்டைத் தட்டிக்கொடுக்கிற அதே குரல். அவருக்கு வெட்கமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"உயிரோட இருக்கீங்கன்னு நான் எழுதுறேன். ஆபீஸ் காகிதம். ஊரு ஒத்துக்கிட்டுத்தான் ஆகணும்."

"எழுதுவியா?"

"எழுதுறேன். கைல்பொள்துக்கு வீட்டுக்கு வாங்க. நீங்கதான் விளக்கு ஏத்தணும்."

கிழவர் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவே இல்லை. நாற்பத்துநாலு வருஷமாக ஒரு மனுஷரும் தொடாத கை அது.

வீட்டில் மனைவி சோண்டம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அரிசி ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.

"சரி, வரட்டும். மூத்தவர் அவருதானே? வீடும் தோட்டமும் அவரு சொன்னபடிதான் நடக்கணும். நாளைக்கு யாரு பேருக்கு எழுதுவாரோ. உங்க அப்பா கூடப்பிறந்தவனையே துரத்தினவருன்னு ஊர் பூரா நீங்களே தண்டோரா போட்டுட்டு வாங்க."

"பாவம்டி, வயசானவரு."

"பாவந்தான், யாரு இல்லைன்னா? நாப்பத்துநாலு வருஷம் செத்திருந்தவரு இன்னும் ரெண்டு வருஷம் செத்திருந்தா என்ன ஆயிடப்போகுது?"

எட்டு நாள் படிவம் மேஜைமேல் கிடந்தது. பேனாவை எடுப்பார், மூடுவார். ஒன்பதாம் நாள், தம்முடைய அழகான கையெழுத்தில், "இறந்துவிட்டார்" என்று எழுதினார். பெயர் மாறிச் சான்றிதழ் வந்தது. மலை ஏறிப் போய், பண்டிகைக்கு வர வேண்டாம் என்று பெரியப்பாவிடம் சொல்லவும் அவருக்கு முகமில்லை.

பண்டிகையன்று காலை பூஜை அறையில் துப்பாக்கி பூவோடு நின்றது. முற்றத்தில் குஞ்சப்பாவும் அக்கம்பக்கத்தாரும் இருந்தார்கள். அப்போது கேட்டருகே அவர் வந்து நின்றார். முகம் மழித்து, பழைய கறுப்பு அங்கியைத் தோய்த்து உடுத்தி, தலைப்பாகையும் கட்டியிருந்தார். முற்றத்தில் பேச்சு ஒரு கணம்கூட நிற்கவில்லை. மழை, மிளகு, மாட்டுக் காய்ச்சல் என்று ஓடிக்கொண்டே இருந்தது. எல்லாக் கண்களும் கேட்டின்மேல் பட்டு, அங்கே ஒன்றுமே இல்லாததுபோல நழுவின.

உத்தய்யா ஓர் அடி எடுத்து வைத்தார். படுபாவி, அந்த அடியோடு நின்றார். பிறகு குஞ்சப்பாவின் பக்கம் திரும்பி, "இந்த வருஷம் மிளகு எப்படி மாமா?" என்று கேட்டார். மறுபடி பார்த்தபோது கேட்டருகே யாரும் இல்லை.

நாலு நாள் பொறுத்து, மனசு கேட்காமல் மலை ஏறினார். கிழவர் மூங்கில் பிளந்துகொண்டிருந்தார்.

"பெரியப்பா, மன்னிச்சிருங்க."

கத்தி நிற்கவில்லை. பக்கத்தில் போய் நின்று இன்னும் இரண்டு தரம் கூப்பிட்டார். கிழவர் எழுந்து, பிளந்த மூங்கிலை அள்ளிக்கொண்டு, அவரை உரசியபடியே உள்ளே போனார். முகத்தில் கோபமே இல்லை. எதிரே ஆள் நிற்பது தெரிந்த அடையாளமும் இல்லை.

உத்தய்யா தடுமாறி இறங்கினார். பாதி வழியில் குஞ்சப்பா அரிசிப் பையோடு குடை பிடித்து ஏறி வந்தார். பாதை ஓராள் அகலம்தான். குஞ்சப்பா சற்றே ஒதுங்கி, தாண்டிப் போனார். மழைக்குத் தலை குனிந்து வந்தவர், கவனித்திருக்க மாட்டார். ஒரு குரல் கொடுத்தால் திரும்பிவிடுவார். கொடுக்கத்தான் வாயைத் திறந்தார் உத்தய்யா. கூப்பிட்டும் திரும்பாவிட்டால்? கூப்பிடப் பயமாக இருந்தது.