டிரைவர் அண்ணனின் இடது கை

எங்கள் ஆஸ்பத்திரி வேனுக்கு சைரன் கிடையாது. நான்தான் சைரன். எழுபதுகளின் தொடக்கத்தில் காஞ்சிபுரத்தில் ஒரு சிறிய தர்ம ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தூக்கும் ஆளாகச் சேர்ந்திருந்தேன். தற்காலிக வேலை. டிரைவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்து, ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே தொங்கவிட்டு, வழி விடச் சொல்லிக் கத்துவதும் அதில் சேர்த்தி. வெறுமனே கத்தினால் எவன் ஒதுங்குவான்? நான் கேலியாகக் கத்துவேன். மாட்டுவண்டிக்காரரை விட்டுவிட்டு மாடுகளிடம் குசலம் விசாரிப்பேன். ஜனங்கள் சிரித்துக்கொண்டே வழி விடுவார்கள். என் வாயின்மேல் எனக்கு அபார நம்பிக்கை. நம்புவதற்கு உடம்பில் வேறு எதுவும் இல்லாததும் ஒரு காரணம்.

வேன் ஓட்டியவரை எல்லோரும் டிரைவர் அண்ணன் என்போம். ஐம்பதை நெருங்கியவர், மூக்குப்பொடிக்காரர், எந்நேரமும் தூக்கத்திலிருந்து எழுப்பிவிட்ட மாதிரி ஒரு முகம். என் பேச்சுக்கு அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. "உன் வாயில பெட்ரோல் ஊத்தினா மெட்ராஸே போயிட்டு வந்துடலாம்பா" என்பார். அதையும் சிரிக்காமல்தான் சொல்வார்.

ஒரு நாள் காலை மாகறலிலிருந்து ஒரு விவசாயியை ஏற்றிக்கொண்டு வந்தோம். மாடு தொடையில் குத்திவிட்டது. பின்னால் அவர் மனைவி காயத்தின்மேல் துண்டை வைத்து இரண்டு கைகளாலும் அழுத்திக்கொண்டிருந்தாள். ஊருக்குள் வந்தால் பெருமாள் புறப்பாடு. பெரிய வீதி முழுக்கத் தலைகள். அண்ணன் வண்டியை ஒரு நெசவாளர் தெருவுக்குள் திருப்பினார். அங்கே தெருவின் நீளத்துக்குப் பாவு விரித்திருந்தார்கள். தறியில் ஏற்றுவதற்கு முன்னால், நீளவாக்குப் பட்டு நூல்களை கவட்டை போன்ற மரக் கவைகளின்மேல் இழுத்துக் கட்டிச் சீர்செய்யும் வேலை. அரக்கு நிறம். முகூர்த்தப் புடவைக்கானது.

அண்ணன் பிரேக் போட்டார். முதியவர் ஒருவர் ஓடிவந்து கையெடுத்துக் கும்பிட்டார். "கொஞ்சம் இருப்பா, ஒரு இழை அறுந்தாலும் போச்சு. ஆளுங்களக் கூப்டுக்கினு வந்து தூக்கிட்றோம்" என்றார். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. நான் பேசாமல் இருந்திருந்தால் இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்திருக்கும். நானோ தலையை வெளியே நீட்டினேன்.

"மெதுவா தூக்குங்க பெரியவரே. உள்ள இருக்கறவரு போயிட்டாருன்னா இந்தப் பட்டையே போத்தி அனுப்பிடலாம்."

யாரும் சிரிக்கவில்லை. கல்யாணப் பட்டைப் பிணத்துக்குப் போர்த்தச் சொல்லியிருக்கிறேன். அதுவும் பின்னால் இருந்த அவர் மனைவியின் காது கேட்க. முதியவரின் மகன் பக்கத்தில் கிடந்த மூங்கில் கழியை எடுத்து என் தலையைப் பார்த்து வீசினான். அண்ணன் இடது கையை நீட்டி என் காலரைப் பிடித்து உள்ளே இழுத்தார். கழி அவர் மணிக்கட்டில் விழுந்தது. காய்ந்த சுள்ளியை ஒடித்த மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான்.

அப்போதுதான் பின்கதவின் அடியிலிருந்து ரத்தம் சொட்டுவதை அவர்கள் பார்த்தார்கள். ஏழெட்டுப் பேர் ஓடிவந்து கவைகளிலிருந்து பாவைக் கழற்றி, தலைக்குமேல் உயர்த்திப் பிடித்தார்கள். அடித்த பையனும் ஒரு முனையைப் பிடித்திருந்தான். வேன் அதற்கு அடியில் போயிற்று. கண்ணாடிக்கு மேலே தெரு நீளத்துக்கும் சிவப்பு. அழகாக இருந்ததா என்று கேட்டால் தெரியாது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அண்ணன் வலது கையால் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். இடது கை மடியில் கிடந்தது. "கியரை நீ போடு. முன்னால தள்ளு. இப்போ பின்னால இழு" என்றார். சைக்கிளைக்கூட விழாமல் ஓட்டத் தெரியாதவன் நான். தள்ளினேன், இழுத்தேன். ஆஸ்பத்திரி வந்துவிட்டது. அந்த விவசாயி பிழைத்துக்கொண்டார்.

கட்டுப் போடும் அறையில் அண்ணன் என்னை அருகில் கூப்பிட்டார். "நீ பேசினதைச் சொன்னா உன்னை வேலையை விட்டு அனுப்பிடுவாங்க. அடிச்சதைச் சொன்னா போலீஸ்காரன் அந்தப் பையனை இழுத்துக்கினு போவான். எலும்புதானே, கூடிடும். நீ வாயைத் தொறக்காத" என்றார். பெரிய டாக்டர் வந்து கேட்டபோது, வேன் கதவில் கை மாட்டிக்கொண்டதாகச் சொன்னார். டாக்டர் என் பக்கம் திரும்பி, அப்படித்தானா என்றார்.

"ஆமா சார்" என்றேன்.

ஒரு கேள்விக்கு நான் அவ்வளவு சுருக்கமாகப் பதில் சொன்னது அதுதான் முதல் தடவை.

எலும்பு கூடியது, கோணலாக. விரல்கள் மடங்கவில்லை. வேலையில் அடிபட்டவர் என்றால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தியம் பார்த்திருப்பார்கள். சொந்தக் கவனக்குறைவு என்று எழுதியாகிவிட்டதால் அதுவும் இல்லை. உண்மையைச் சொல்லிவிட அப்போதும் நேரம் இருந்தது. என் மனைவிக்கு அது ஏழாம் மாதம். பெரிய டாக்டரின் அறை வாசல்வரை இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் அங்கிருந்த நர்ஸிடம் ஏதோ வேடிக்கையாகப் பேசிவிட்டுத் திரும்பினேன். அண்ணனை வாசலில் வாட்ச்மேனாகப் போட்டார்கள். என்னை நிரந்தரமாக்கினார்கள்.

இப்போதெல்லாம் ஆம்புலன்ஸ்காரரை யாராவது அடித்துவிட்டால் செய்தித்தாளில் வருகிறது. முதலில் யார் என்ன பேசினார்கள் என்றுதான் என் கண் தேடுகிறது. அது நியாயமில்லை என்று தெரியும். ஆனாலும் தேடுகிறது.

எங்கள் ஆஸ்பத்திரி வாசலில் இரட்டைக் கதவு கொண்ட கனமான இரும்பு கேட். வேன் கிளம்பும்போது ஒரு கதவை அண்ணன் வலது கையால் தள்ளுவார். நான் வேனிலிருந்து குதித்து இன்னொரு கதவைத் தள்ளிவிட்டு, திரும்ப ஓடிவந்து ஏறிக்கொள்வேன். அவர் ஓய்வுபெறும்வரை ஒன்பது வருஷம் இப்படித்தான். புதிதாக வந்த டிரைவர் விடாமல் கேட்பார்: "ஏம்பா, வாட்ச்மேன் வேலையையும் நீயே பாத்துக்கினு இருக்கியே, உனக்கு இன்னா வேண்டுதலா?"

நான் அதற்குள் குதித்து, என் பக்கத்துக் கதவை நோக்கி ஓடியிருப்பேன்.