மிளகாய்ப் புகையிலும் மூடாத கண்

போன வருடம் ஆரையம்பதியில் எங்கள் வீட்டு முற்றத்தில் நடந்தது இது. எனக்கு மேல் இமை இரண்டும் தொங்கிப்போய், நான் வேலை செய்யும் கந்தோருக்கு வருகிறவர்கள் எல்லாம் அழுதீர்களா என்று கேட்பார்கள். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், கொழும்பில் ஒரு தனியார் இடத்தில் இமைக்குச் சத்திரசிகிச்சை செய்துகொண்டேன். அதன் பிறகு, ஏன் பயந்துபோய் இருக்கிறீர்கள் என்று கேட்கத் தொடங்கினார்கள். வலது இமை அவ்வளவுக்கு மேலே இழுபட்டு நின்றது. செய்தவர்களோ போகப் போகச் சரிவரும் என்றார்கள்.

வடிவுக்காகக் கத்தி வைத்தேன் என்று ஊரில் சொல்ல வெட்கம். ஏதோ கண் வருத்தம் என்று சொல்லிவைத்தேன். பக்கத்து வளவு மாமி அது கண்ணூறுதான், யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று முடிவுகட்டிவிட்டார். ஒரு செவ்வாய்க்கிழமை பொழுதுபட, செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்து என் தலையைச் சுற்றி நெருப்புச் சட்டியில் போட்டார். கண்ணூறு இருந்தால் மிளகாய் கமறாது என்பார்கள். அன்றைக்கு முற்றமே இருமியது. மாமி கண்ணை இறுக்கிக்கொண்டார். என் வலது கண் மூடவில்லை. புகை நேரே உள்ளே போய் எரித்தது. வாளித் தண்ணீரோடு ஓடிவந்து முகம் கழுவிவிடும்போதுதான் மாமி கண்டார்.

"என்ன புள்ள, உனக்குக் கண் மூடுதில்லையே."

அப்போதுதான் உண்மையைச் சொன்னேன். மாமி ஏசவில்லை, ஓட்டோ பிடிக்க ஓடினார்.

மட்டக்களப்பில் கண் டொக்டர் பார்த்துவிட்டு, தோலைக் கூடுதலாக வெட்டிவிட்டார்கள், கருவிழி காய்ந்து புண்ணாகிக் கிடக்கிறது, இப்படியே விட்டால் பார்வை போகும் என்றார். நானோ, இனி எப்போது வடிவாக வரும் என்று கேட்டேன்.

"முதல்ல கண்ணை மூட வைப்பம். வடிவை மறுகா பார்ப்பம்."

இமையைத் திருத்துவதற்கு, முதல் வெட்டின் தழும்பு இளகும் வரை மாதக்கணக்கில் பொறுக்கவேண்டியிருந்தது. பகலில் துளி மருந்து, படுக்கும்போது களிம்பு பூசி இமையை ஒட்டிவைக்க வேண்டும். தனியாக இருக்கிறவள் நான்; ஒட்டிவிட மாமிதான் தினமும் வந்தார். பிறகு காதுக்குப் பின்னால் தோல் எடுத்து இமையில் வைத்துத் திருத்தினார்கள். மறுபடி கத்தி என்றதும் பயந்துதான் போனேன், பொய் சொல்லக்கூடாது.

கட்டு அவிழ்த்துச் சில நாளில் ஒரு மத்தியானம் அயர்ந்துவிட்டேன். எழும்பியபோது மாமி பக்கத்தில் கதிரையில் இருந்தார்.

"ரெண்டு கண்ணும் மூடித்தான் கிடந்திச்சு," என்றார், நான் கேட்குமுன்பே.

இன்றும் என் இரண்டு கண்ணும் ஒன்றுபோல் இல்லை, அது கண்ணாடியில் தெரிகிறது. ஆனால் நித்திரையில் என் கண் மூடியிருக்கிறதா என்று எந்தக் கண்ணாடியும் காட்டாது, பக்கத்தில் ஒருவர் இருந்து பார்த்துத்தான் சொல்லவேண்டும்.