பின்சீட்டுக்காக ஒரு வண்டி

மில்கோ என் கணவரின் தம்பி. என் கணவர் போன பிறகு எங்கள் ஊரான யாம்போலில் என்னை அண்ணி என்று கூப்பிட அவர் ஒருவர்தான் மிச்சம் இருந்தார். பிப்ரவரியில் அவரும் போய்விட்டார். தூக்கத்திலேயே, மாரடைப்பு.

பாதி ஆயுளை ஜெர்மனியில் ஒரு துறைமுகக் கிடங்கில் கழித்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஊர் திரும்பிய புதிதில் ரொட்டிக் கடைக்குப் போயிருக்கிறார். "சூடா இருக்கு, ஒண்ணு எடுக்கட்டுமா?" என்று கடைப் பெண் கேட்டாள். மில்கோ தலையை மேலும் கீழுமாக அசைத்தார். அவள் எடுத்த ரொட்டியைத் திரும்ப அடுக்கில் வைத்தாள். அவர் இன்னும் பலமாக அசைத்தார். "வேணாம்னா வழிய விடுங்க, பின்னாடி ஆள் நிக்குதுல்ல!" ஆமென்றால் நாங்கள் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவோம். மேலும் கீழும் அசைத்தால் வேண்டாம் என்று அர்த்தம். ஜெர்மனியில் நேர்மாறு. அன்றிலிருந்து ஊருக்கு அவர் ஜெர்மன்காரன்.

அந்தப் பெயர் அவரை உறுத்தியது. யாரும் பார்க்காதபோது கண்ணாடி முன் நின்று பழகியிருப்பார் போல. அடுத்த ஈஸ்டருக்குச் சாப்பிட வந்தபோது, இன்னும் கொஞ்சம் கறி வைக்கட்டுமா என்று கேட்டேன். தலையைப் பக்கவாட்டில் ஆட்டிவிட்டுச் சிரித்தார்.

"பாத்தீங்களா அண்ணி, இப்பத்தான் என் கழுத்து ஊர் வந்து சேந்திருக்கு."

பேருந்து நிலையத்தில் சீட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தவர் தோப்ரின்கா. கணவரை இழந்தவர், இடுப்பு வலிக்காரர். வேலை எதுவும் இல்லாவிட்டாலும் மில்கோ சனிக்கிழமைகளில் அவரிடம் சீட்டு வாங்கிப் பக்கத்து ஊரான ஸ்லிவென் வரை போய்விட்டு வருவார். ஒரு சனிக்கிழமை, மோட்டார் சைக்கிள் வாங்கினால் கடற்கரைக்கு வருவீர்களா என்று கேட்டுவிட்டார்.

"என் இடுப்பு நோகாத வண்டியாப் பாருங்க. அப்புறம் அஹ்தோபோல் என்ன, துருக்கி வரைக்கும் வர்றேன்" என்றாராம் தோப்ரின்கா. கோட்டைக்கூடக் கழற்றாமல் என் சமையலறையில் நின்று அதை இரண்டு முறை சொன்னார் மில்கோ.

பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் எஞ்சின் சத்தத்தைக் கேட்பார்கள், எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று பார்ப்பார்கள். இவர் நேராகப் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, விற்பவரை ஓட்டச் சொல்லுவார். ஃபுட்ரெஸ்ட் உயரமாக இருந்து முழங்கால் மடங்கினால் பாரம் இடுப்பில் இறங்கும். முதுகுக்குச் சாய்மானம் இல்லையென்றால் வேகம் எடுக்கும்போதெல்லாம் உடம்பை இழுத்துப் பிடிக்க வேண்டும். ஸ்லிவெனில் ஒருவர் கேட்டே விட்டார்.

"ஏண்ணே, வண்டிய வாங்கப் போறது நீங்களா, உங்க பின்பக்கமா?"

"ரெண்டும் இல்ல தம்பி. நீ ஓட்டு. பள்ளமாப் பாத்து விடு."

இந்தச் சோதனையில் தேறிய வண்டிக்குத்தான் தோப்ரின்காவை அழைத்துப் போய், பின்னால் உட்காரவைத்து ஓட்டினார். ஹெல்மெட்டுக்குள் பேச்சு கேட்காது. பிடித்திருக்கிறதா என்று மில்கோ கட்டைவிரலை உயர்த்திக் காட்டி, கண்ணாடியில் பார்ப்பார். தோப்ரின்கா தலையால் பதில் சொல்வார். திரும்பி வந்ததும் மில்கோ சாவியை உரியவரிடம் கொடுத்துவிடுவார். மூன்று வண்டிகள் அப்படிப் போயின.

"அவங்களுக்குப் பிடிக்கல அண்ணி" என்றார் மூன்றாவது தடவை.

"வாயத் திறந்து கேட்டீங்களா?"

"கேட்டா சங்கடப்படுவாங்க. தலையாலேயே சொல்லிட்டாங்களே, போதாதா?"

இலையுதிர் காலத்தில் தோப்ரின்கா வேலையை விட்டுவிட்டு ஸ்பெயினில் இருக்கும் மகளிடம் போய்விட்டார். அதற்குப் பிறகுதான் மில்கோ வண்டி வாங்கினார். பழைய கோல்டு விங். பின்னால் சாய்மானம், இரண்டு பக்கமும் கை வைக்க மெத்தை. தனியாகவே அஹ்தோபோல் கடற்கரைக்குப் போய் வந்தார். பெட்ரோல் பங்க்காரன், "ஜெர்மன்காரரே, பின்னாடி சோபா யாருக்கு?" என்று கேட்டானாம். "வர்றவங்களுக்கு" என்றாராம்.

அவருடைய இறப்பு அறிவிப்பை வழக்கம்போல வீட்டுக் கதவிலும் பேருந்து நிலையத்திலும் ஒட்டியிருந்தோம். வீட்டைப் பார்த்துப் போக ஊருக்கு வந்த தோப்ரின்கா, பஸ்ஸைவிட்டு இறங்கியதும் பார்த்தது மில்கோவின் படத்தைத்தான். நாற்பதாம் நாள், இறந்தவர்களுக்குக் கொண்டுவருகிற மாதிரி இரட்டைப்படையில் பூக்களோடு வந்தார். இறந்தவர் நினைவாகத் தரும் சர்க்கரை போட்ட கோதுமையை ஒரு கிண்ணத்தில் கொடுத்தேன். மற்றவர்கள் கிளம்பிய பிறகும் உட்கார்ந்திருந்தார்.

"என்னைக் கூட்டிட்டுப் போக அவருக்கு மனசில்ல போலிருக்கு" என்றார். "மூணு வண்டியும் பிடிச்சிருக்குன்னுதான் சொன்னேன். மூணையும் திருப்பிக் குடுத்துட்டார்."

"எப்படிச் சொன்னீங்க?"

தலையை மேலும் கீழுமாக அசைத்துக் காட்டினார்.

"நம்ம வழக்கம் அவருக்கு மறந்துபோச்சுன்னு ஊரே சிரிச்சுதே. நாமளும் அவரக் குழப்ப வேணாம்னு அவர் வழக்கத்துலயே சொன்னேன்."

யோசிப்பதற்குள் என் வாயில் வந்துவிட்டது. "அவர் எப்பவோ மாத்திக்கிட்டாரே."

தோப்ரின்கா ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்தார். பிறகு, வண்டி எங்கே என்று கேட்டார்.

கராஜில் போர்வை போட்டு மூடியிருந்தது. போர்வையை எடுத்தேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறிப் பின்சீட்டில் உட்கார்ந்தார். சாய்ந்தார். கைகளை மெத்தைமேல் வைத்தார். முன்சீட்டைத் தாண்டி, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சௌகரியமா இருக்கா?" என்று கேட்டேன்.

தலை பக்கவாட்டில் லேசாகச் சாய்ந்து, நின்றுவிட்டது. பிறகு மேலும் கீழுமாக அசையப் பார்த்து, அதுவும் நின்றுவிட்டது.

"வாயாலேயே சொல்லிடறேன்" என்றார். "சௌகரியமா இருக்கு."