வாய் சொன்ன வெயிட்டும் மெஷின் சொன்ன வெயிட்டும்

பொம்பளைங்ககிட்ட வெயிட் கேக்குற வேலை இருக்கே, கடிக்கிற நாய் இருக்கிற தெருவுல தபால் குடுக்குறதைவிட மோசம். வீடு வீடா ஏறி எறங்குற என் கூட்டாளிங்களே, உங்களுக்குத் தெரியாததா? மைசூர்ல பொம்பளைங்க ஆரோக்கியத்தைப் பத்தி ஒரு ஆராய்ச்சி. முதல்ல வெயிட்டையும் உயரத்தையும் வாயால கேக்கணும், அப்புறம் மெஷின்ல ஏத்தணும், டேப் வெச்சு அளக்கணும். எங்க டாக்டர் மேடம் முன்னாடியே சொல்லிட்டாங்க: "ரெண்டும் ஒத்துப்போச்சுன்னா அடுத்த வருஷம் போன்லயே கேட்டுக்கலாம், மெஷின் தூக்க ஆள் வேணாம்." அந்த ஆள் நான்தான். அதனால உண்மை பேசுற பொம்பளையைப் பாத்தாலே எனக்கு ஆகாது.

கழிவு போக

விஜயநகர்ல ஒரு ரிட்டயர்டு டீச்சர் ஆன்ட்டி. அட்டெண்டன்ஸ் எடுக்குற குரல்ல "அறுபத்திரெண்டு"ன்னாங்க. மெஷின் எழுபதுன்னுச்சு. எறங்கி, வளையலைக் கழட்டி வெச்சுட்டு ஏறினாங்க. எழுபது. மூக்குக் கண்ணாடியையும் கழட்டினாங்க. "கண்ணாடி இல்லாம நம்பர் தெரியாதே ஆன்ட்டி"ன்னேன்.

"சும்மா இரும்மா, அதுக்குத்தான் கழட்டினேன்."

பொண்ணு பாத்த உயரம்

அக்ரஹாரத்துல சுமதின்னு ஒரு மருமக. உயரம் கேட்டா, உள்ள எட்டிப் பாத்துட்டு "அஞ்சடி மூணு"ன்னு சத்தமா சொல்றா. நானே அஞ்சடி, அவ என் நெத்திக்குத்தான் வர்றா. காதுகிட்ட வந்து, "அக்கா, பொண்ணு பாக்க வந்தப்ப எங்கப்பா சொன்ன உயரம். அத்தை உள்ள இருக்காங்க, அளக்காதீங்கக்கா"ன்னா.

அளக்கலைன்னா அவ சொன்னதே சரின்னு ஆயிடும், என் வேலைக்கு வேட்டு. அளந்தா அவ மானம் போகும். நான் முழிச்சிட்டு நிக்கிறப்பவே, மாமியார் கையைத் தொடச்சுக்கிட்டு வந்து, அவங்களே அவளைச் செவுத்தோரமா நிக்க வெச்சாங்க. நாலடி பத்து. சுமதி தலையே தூக்கல.

"வந்த அன்னைக்கே தெரியும்டி. எம்பையன் அஞ்சடி எட்டுன்னு நாங்க சொன்னோமே, அதை நீ என்னைக்காவது கேட்டியா?"

மேடம் ஏறுனப்போ

நான் கொண்டுபோன கணக்கைப் பாத்து மேடத்துக்கு நம்பிக்கை வரல. "இவ்ளோ வித்தியாசமா? படிச்சவங்க சரியாத்தான் சொல்லியிருப்பாங்க. போனே போதும்னு நினைக்கிறேன்"னாங்க. வீடுங்கள்ல கேக்குற அதே இழுவைக் குரல்ல, "நீங்க எவ்ளோ மேடம்?"னேன்.

"ஐம்பத்தெட்டு. எப்பவும் அதான்." மெஷினைக் காலடியில வெச்சேன். அறுபத்தஞ்சு. எறங்கி மெஷினைத் தூக்கித் திருப்பிப் பாத்தாங்க, பேட்டரி நல்லாத்தான் இருந்துச்சு. கதவைச் சாத்திட்டு மெதுவாச் சொன்னாங்க:

"அடுத்த வருஷமும் மெஷினோடயே போ. இப்ப வந்த நம்பரை மட்டும் எங்கயும் எழுதாதே."

ஒருத்தி வேலை நிலைக்கணும்னா ஊர்ல எத்தனை பேர் பொய் சொல்ல வேண்டியிருக்கு பாருங்க.